பெயரைத் தருவது யார்?

வலைத்தளங்களை இயக்கும் நிரல்களை எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியில் கணக்குப் போடுவதற்கென்று ஒரு கிளாஸ் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். தரவையும் அதைக் கொண்டு செய்யும் வேலைகளையும் ஒரே கட்டாகக் கட்டி வைப்பது கிளாஸ். அந்த வேலைகள் ஒவ்வொன்றும் ஒரு மெத்தட். நம்முடைய கிளாஸில் கூட்டு, கழி, பெருக்கு என்று மூன்று மெத்தட்கள் இருக்கின்றன. பிஎச்பியில் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே வைக்க முடியும் என்பதால் இவை கற்பனைப் பெயர்கள் அல்ல, கணினியில் அப்படியே ஓடக்கூடியவை. இந்த கிளாஸிலிருந்து உருவாக்கிய ஆப்ஜெக்ட் ஒன்று நம் கையில் இருந்தால், கூட்டலுக்கு வழக்கமாக எழுதும் வரி இது:

$கணக்கு->கூட்டு(5, 7);

இதே வேலையை வேறு விதமாகவும் சொல்லலாம்:

$செயல் = 'கூட்டு';
$கணக்கு->$செயல்(5, 7);

இரண்டுக்கும் விடை 12தான். முதல் வரியில் மெத்தட்டின் பெயரை நிரலர் தம் கையால் எழுதிவிட்டார். இரண்டாவதில் அந்தப் பெயர் ஒரு மாறிக்குள், சாதாரண எழுத்துச் சரமாக உட்கார்ந்திருக்கிறது. நிரல் ஓடும் நேரத்தில் அந்த மாறியில் 'கழி' என்று இருந்தால் அதே வரி கழித்துவிடும். எந்த வேலையைச் செய்வது என்ற முடிவு, எழுதிய நேரத்திலிருந்து ஓடும் நேரத்துக்குத் தள்ளிப்போகிறது. வலைத்தளங்களின் உலகம் இவ்வளவு விரிந்ததற்கு இந்தத் தள்ளிப்போடல் ஒரு காரணம். அவற்றில் நடந்த சில மோசமான ஊடுருவல்களுக்கும் இதுவே காரணம். இந்த வசதி நல்லதா கெட்டதா என்ற விவாதம் நிரலர்களிடையே நெடுநாளாக நடக்கிறது. அந்தக் கேள்வியே தவறாகக் கேட்கப்படுகிறது என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். கேட்க வேண்டியவை வேறு இரண்டு: பெயரைத் தருவது யார்? அந்தப் பெயர் யார் எழுதிய பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறது?

முதலில், இப்படி அழைக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். பெயரை நேரடியாக எழுதினால் கணினி 'உண்மையான' மெத்தட்டை அழைக்கிறது, மாறியில் வைத்தால் ஏதோ தந்திரம் செய்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பிஎச்பியைப் பொறுத்தவரை இரண்டுமே பெயரைக் கொண்டு தேடுவதுதான். ஒவ்வொரு கிளாஸுக்கும் அதன் மெத்தட்களின் அட்டவணை ஒன்றை மொழியின் இயந்திரம் வைத்திருக்கிறது. ஹேஷ் டேபிள் எனப்படும் அந்த அட்டவணையில் இயந்திரம் பெயரை ஓர் எண்ணாக மாற்றித் தேடுகிறது. 5381 என்ற எண்ணில் தொடங்கி, பெயரின் ஒவ்வொரு பைட்டுக்கும் அதுவரை வந்த விடையை 33ஆல் பெருக்கி அந்த பைட்டைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்தான் அட்டவணையில் எந்த இடத்தில் பார்ப்பது என்று சொல்கிறது. இந்த மொழியின் தொடக்க காலத்தில் ஏற்பாடு இன்னும் எளியது. ஃபங்ஷனின் (கிளாஸுக்குள் அடங்காமல் தனியே நிற்கும் செயலின்) பெயரில் எத்தனை எழுத்து என்பதையே ஹேஷ் எண்ணாக வைத்திருந்ததாகவும், எல்லாப் பெயர்களும் ஒரே இடத்தில் குவிந்துவிடாதபடி வெவ்வேறு நீளங்களில் பெயர் சூட்டியதாகவும் மொழியை உருவாக்கிய ரஸ்மஸ் லெர்டார்ஃப் பின்னாளில் விளக்கியிருக்கிறார். பெயர் வழியாகத் தேடுவது அந்த மொழியின் பிறவிக் குணம்.

அப்படியானால் இரண்டு வரிகளுக்கும் வேறுபாடே இல்லையா என்றால், சிறியது ஒன்று உண்டு. பெயர் நேரடியாக எழுதப்பட்டிருந்தால், அதன் ஹேஷ் எண்ணை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கலாம். ஒரு முறை தேடிக் கண்டுபிடித்த மெத்தட்டை அந்த வரிக்கு அருகிலேயே குறித்துவைத்து அடுத்த முறை தேடாமலே அழைக்கலாம். மாறியில் இருக்கும் பெயர் ஒவ்வொரு முறையும் மாறக்கூடியது என்பதால், ஒவ்வொரு முறையும் அதைச் சிறிய எழுத்துகளாக்கி (மெத்தட் பெயர்களில் ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை பிஎச்பி பார்ப்பதில்லை) அட்டவணையில் தேட வேண்டும். இயந்திரத்துக்கு அந்தப் பெயர் ஒரு பைட் வரிசை மட்டுமே. தமிழில் இதை நன்றாகப் பார்க்கலாம். 'கொடு' என்ற பெயரில் உள்ள ஒகர உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. யூனிகோடு தரமும் இரண்டும் சமம் என்கிறது. பிஎச்பியோ பைட்களை ஒப்பிடுவதால், ஒரு விதத்தில் எழுதிய மெத்தட்டை மற்றொரு விதத்தில் எழுதிய பெயரால் அழைத்தால் 'அப்படி ஒரு மெத்தட் இல்லை' என்று நின்றுவிடும். பெயரின் பொருளோ, அதைச் சொன்னவரின் நோக்கமோ இயந்திரத்துக்குத் தெரியாது. பைட்கள் பொருந்தினால் அழைக்கும், பொருந்தாவிட்டால் அழைக்காது. பின்னால் வரப்போகும் ஆபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதை பிஎச்பியின் விசித்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஜான் மெக்கார்த்தி 1960இல் லிஸ்ப் மொழியை விளக்கி வெளியிட்ட கட்டுரையிலேயே, நிரலும் தரவும் ஒரே வடிவத்தில் இருக்கலாம், தரவாக வந்ததை நிரலாக ஓட்டலாம் என்ற கருத்து இருக்கிறது. 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஆலன் கே குழுவினர் உருவாக்கிய ஸ்மால்டாக் மொழியில், ஒரு ஆப்ஜெக்ட்டை வேலை வாங்குவது என்றாலே அதற்கு ஒரு செய்தி அனுப்புவதுதான். அந்தச் செய்தியின் பெயரை ஓடும் நேரத்தில் தருவதற்கு 'பெர்ஃபார்ம்' என்ற வழியும் அதில் இருந்தது. 1995இல் லெர்டார்ஃப் வெளியிட்ட சிறிய கருவித் தொகுப்பு, 1998இல் ஸீவ் சுராஸ்கி, ஆண்டி குட்மன்ஸ் கைவண்ணத்தில் பிஎச்பி 3 ஆயிற்று. 2004இல் வந்த 5ஆம் பதிப்பு கிளாஸ்களுக்கு முறையான அடித்தளம் போட்டது. 2009இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து கிளாஸின் பெயரையும் மாறியில் வைத்து அதன் ஸ்டாட்டிக் மெத்தட்டை (ஆப்ஜெக்ட் இல்லாமலே அழைக்கத்தக்க மெத்தட்டை) நேரடியாக அழைக்க முடிந்தது. எந்த கிளாஸ், எந்த மெத்தட் என்ற இரண்டு முடிவுகளையுமே ஓடும் நேரத்துக்குத் தள்ளலாம் என்று ஆயிற்று.

வலைக்கான மொழி ஒன்றுக்கு இந்த வசதி ஏன் இவ்வளவு முக்கியம்? வலைத்தளத்துக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையும் எழுத்துச் சரமாகவே வருகிறது. யாரோ ஒருவர் முகவரிப் பெட்டியில் தட்டிய சொற்களைப் பார்த்து, இவருக்குச் செய்தியைக் காட்டுவதா, படிவத்தைச் சேமிப்பதா, படத்தை அனுப்புவதா என்று சர்வர் முடிவு செய்ய வேண்டும். பெயராக வந்ததைச் செயலாக மாற்றுவது அங்கே அன்றாட வேலை. அதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு. வலைத்தளங்களை உருவாக்க உதவும், 2003இல் தொடங்கிய வேர்ட்பிரஸ் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அதன் மையப் பகுதியை எழுதியவர்களுக்கு, பிற்பாடு யார் அதோடு இணைக்க எந்தச் செருகுநிரலை எழுதப்போகிறார்கள், அதில் எந்தப் பெயரில் மெத்தட் வைப்பார்கள் என்று தெரியாது. ஆனால் 'இந்தக் கட்டத்தில் உங்கள் வேலையைச் செய்யுங்கள்' என்று ஓர் இடத்தை விட்டுவைக்க முடிந்தது. செருகுநிரல் எழுதுபவர் அந்த இடத்தில் தம் மெத்தட்டின் பெயரைப் பதிகிறார். மையப் பகுதி, பதிந்த பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து அழைக்கிறது. முன்பின் அறியாத இருவர், வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு நாடுகளில் எழுதிய நிரல்கள் இப்படித்தான் ஒன்றோடொன்று பேசுகின்றன. செபாஸ்டியன் பெர்க்மன் உருவாக்கிய பிஎச்பியூனிட் என்ற சோதனைக் கருவியும், 'டெஸ்ட்' என்று தொடங்கும் மெத்தட்களைத் தானே கண்டுபிடித்து ஒவ்வொன்றாக ஓட்டுகிறது. எழுதும்போது தெரியாத பெயரை ஓடும்போது அழைக்கும் வசதி இல்லாமல் இவை இன்றைய வடிவத்தில் இருந்திருக்க முடியாது.

இந்த வரங்களிலெல்லாம் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது: பெயரைத் தந்தவர் நிரலின் ஆசிரியர்களில் ஒருவர். செருகுநிரல் எழுதியவரும் சோதனை எழுதியவரும் அந்தத் தளத்தின் நிரலை எழுத உரிமை பெற்றவர்கள். பெயரைத் தருபவர் வெளியாளாக இருந்தால் என்ன ஆகும் என்பதை 2018 டிசம்பர் காட்டியது. சீனாவில் பரவலாகப் பயன்படும் திங்க்பிஎச்பி என்ற ஃபிரேம்வொர்க்கில் (வலைத்தளம் எழுதுவதற்கான ஆயத்த நிரல் சட்டகத்தில்) அப்போது ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது. பாதுகாப்புப் பதிவேடுகளில் அதன் எண் சிவிஇ-2018-20062. அந்த ஃபிரேம்வொர்க் இணைய முகவரியின் ஒரு பகுதியை கிளாஸின் பெயராகவும் அடுத்த பகுதியை மெத்தட்டின் பெயராகவும் எடுத்துக்கொண்டது. கிளாஸ் பெயரில் எந்தக் குறிகள் வரலாம் என்று சோதிக்கவில்லை. எனவே தளத்தின் சொந்தக்காரர் எழுதிய கிளாஸ்களை மட்டுமல்ல, பின்சாய்வுக் கோடு போட்டு எழுதினால் ஃபிரேம்வொர்க்கின் உள்ளுறுப்பான கிளாஸ்களையும் வெளியிலிருந்து அழைக்க முடிந்தது. அந்த உள்ளுறுப்புகளில் ஒன்றில், எந்த ஃபங்ஷனின் பெயரைக் கொடுத்தாலும் அதை ஓட்டித் தரும் மெத்தட் ஒன்று இருந்தது. தாக்க வந்தவர் முகவரியிலேயே அந்த கிளாஸின் பெயர், அந்த மெத்தட்டின் பெயர், கடைசியாக இயங்குதளத்தின் கட்டளைகளை நிறைவேற்றும் ஃபங்ஷனின் பெயர் என்று வரிசையாக எழுதினார். மூன்று பெயர்கள், மூன்று தேடல்கள். சர்வர் அவர் கைக்கு வந்துவிட்டது. தம்முடைய நிரலில் ஒரு வரியைக்கூட அவர் சர்வருக்குள் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. அங்கே ஏற்கெனவே இருந்தவற்றைப் பெயர் சொல்லி அழைத்ததே போதுமானதாக இருந்தது. 5.0.23, 5.1.31 பதிப்புகளில் திருத்தம் வந்தது. கிளாஸின் பெயரை ஒரு வடிவ விதிக்கு உட்படுத்திய சிறு சோதனைதான் அதன் சாரம். ஆனால் அதன் பிறகும் மிராய் வகைத் தீநிரல்கள் இந்த ஓட்டையைத் தேடி இணையம் முழுக்க அலையத் தொடங்கின.

பிஎச்பி இந்தப் பாடத்தை இன்னொரு வடிவில் முன்பே படித்திருந்தது. தொடக்க காலத்தில் 'ரெஜிஸ்டர் குளோபல்ஸ்' என்றொரு வசதி இருந்தது. முகவரியிலோ படிவத்திலோ வரும் ஒவ்வொரு பெயருக்கும் நிரலுக்குள் அதே பெயரில் ஒரு மாறி தானாக முளைக்கும். எழுதுவதற்கு மிக எளிது. ஆனால் 'அனுமதி உண்டா' என்பதைக் குறிக்க நிரலர் வைத்த மாறியின் பெயரை வெளியாள் ஊகித்து, முகவரியிலேயே அதற்கு மதிப்புக் கொடுத்துவிடவும் முடியும். 2002இல் வந்த 4.2 பதிப்பில் அது இயல்பாக அணைத்துவைக்கப்பட்டது, 2012இல் 5.4 பதிப்பில் முற்றிலும் நீக்கப்பட்டது. மாறியானாலும் மெத்தட்டானாலும் விதி ஒன்றே. நிரலுக்குள் உள்ள பெயர்கள் ஆசிரியரின் அதிகாரம். வெளியிலிருந்து வரும் சரத்தை அந்தப் பெயர்களோடு நேராக இணைத்தால் அந்த அதிகாரத்தை வெளியாளிடம் ஒப்படைத்தாயிற்று.

இதற்கு முதல் மறுப்பு இப்படி வரும்: அழைப்பதற்கு முன் அந்த மெத்தட் இருக்கிறதா, அழைக்கத்தக்கதா என்று சோதித்தால் போதாதா? அதற்கென்றே மொழியில் ஃபங்ஷன்கள் உண்டே? உண்டு; ஆனால் அவை விடை சொல்வது வேறொரு கேள்விக்கு. ஒரு வீட்டில் அப்படி ஓர் அறை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, வாசலில் நிற்பவரை அந்த அறைக்குள் விடலாமா என்பது மற்றொரு கேள்வி. 'மெத்தட்_எக்சிஸ்ட்ஸ்' என்ற சோதனை, வெளியே தெரியக் கூடாதென்று மறைத்துவைத்த மெத்தட்களுக்கும் 'இருக்கிறது' என்றே சொல்லும். 'இஸ்_காலபிள்' கொஞ்சம் கவனமானது. ஆனால் சோதனை நடப்பதே அந்த கிளாஸுக்குள் என்றால் மறைவான மெத்தட்களுக்கும் அது ஆம் என்றுதான் சொல்லும். இல்லாத பெயர்களையெல்லாம் வாங்கிக்கொள்ளும் சிறப்பு மெத்தட் ஒன்று கிளாஸில் இருந்தால், எந்தப் பெயரைக் கேட்டாலும் ஆம் என்றே சொல்லும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, 'பப்ளிக்' என்ற அறிவிப்பைப் பற்றிய குழப்பம். ஒரு மெத்தட்டை பப்ளிக் என்று எழுதும்போது, நிரலின் மற்ற பகுதிகள் இதை அழைக்கலாம் என்று அவற்றை எழுதும் சக நிரலருக்குச் சொல்கிறோம். இணையத்தின் மறுமுனையில் இருக்கும் முகமறியாதவருக்கு அந்த அனுமதி இல்லை. திங்க்பிஎச்பியில் சிக்கிய மெத்தட், பப்ளிக்காக இருந்ததில் தவறு இல்லை. அது உள்வீட்டு வேலைக்காக எழுதப்பட்டது. உள்வீட்டு அனுமதி, தெருவுக்கான அனுமதியாக வாசிக்கப்பட்டதுதான் தவறு.

இரண்டாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்: இவ்வளவு ஆபத்து என்றால் இந்த வசதியையே விலக்கிவிடலாமே? எந்தப் பெயர் வந்தால் எதைச் செய்வது என்று ஒவ்வொன்றாக எழுதிவிடலாமே? பெயர்களின் தொகுதி சிறியதாகவும் முன்பே தெரிந்ததாகவும் இருந்தால் இந்த யோசனை சரிதான். கூட்டு, கழி, பெருக்கு என்று மூன்றே செயல்கள் என்றால், 2020இல் வந்த 8.0 பதிப்பின் 'மேட்ச்' அமைப்பில் மூன்று வரி எழுதுவதுதான் தெளிவு. வேறு எந்தப் பெயர் வந்தாலும் அது பிழை சொல்லி நின்றுவிடும். ஆனால் தொகுதி திறந்ததாக இருக்கும் இடத்தில் இது நடக்காது. நாளை யாரோ எழுதப்போகும் செருகுநிரலின் மெத்தட்டுக்கு இன்று ஒரு வரி எழுதிவைக்க முடியாது. தவிர, 'மேட்ச்' முறை நமக்குப் பாதுகாப்புத் தருவது அது பெயர்வழி அழைப்பைத் தவிர்ப்பதால் அல்ல. ஆசிரியர் தம் கையால் எழுதிய பட்டியல் ஒன்று அதில் இருக்கிறது என்பதால்தான். அந்தப் பட்டியலை ஓர் அணியாக எழுதிவைத்து, வந்த பெயர் அதில் இருந்தால் மட்டும் மாறியின் வழியாக அழைத்தாலும் அதே பாதுகாப்பு கிடைக்கும். வேர்ட்பிரஸில் செருகுநிரல் தன் பெயரைப் பதிவதும் பட்டியல் எழுதுவதுதான். பலர் சேர்ந்து எழுதும் பட்டியல் அது. விலக்க வேண்டியது பட்டியல் இல்லாத அழைப்பை மட்டுமே.

மூன்றாவதாக ஒரு நடுவழியைச் சிலர் சொல்வார்கள்: முழுப் பட்டியல் எதற்கு, பெயரிடும் மரபு ஒன்று இருந்தால் போதும். யீ ஃபிரேம்வொர்க்கில் வெளியிலிருந்து அழைக்கத்தக்க மெத்தட்கள் 'ஆக்‌ஷன்' என்று தொடங்கும். ஸென்ட் ஃபிரேம்வொர்க்கில் அந்தச் சொல்லில் முடிந்தன. வந்த பெயரோடு அந்த ஒட்டைச் சேர்த்துத்தான் தேடுவார்கள் என்பதால், ஒட்டு இல்லாத உள்வீட்டு மெத்தட்கள் அகப்படா. இது பயனுள்ள வேலி. வெறும் சோதனையைவிட எவ்வளவோ மேல். காரணம், அந்த ஒட்டை வைக்கும்போது ஆசிரியர் 'இதை வெளியே திறக்கிறேன்' என்று மனமறிந்து முடிவு செய்கிறார். அதாவது மரபும் ஒரு பட்டியல்தான், ஆனால் கிளாஸ் முழுக்கச் சிதறிக் கிடக்கும் பட்டியல். அதன் குறை, அது மெத்தட்டை மட்டும் காக்கிறது என்பதே. கிளாஸின் பெயரும் வெளியிலிருந்து வந்தால் அதற்குத் தனி வேலி வேண்டும். 8.0 பதிப்பு கொண்டுவந்த, அட்ரிபியூட் எனப்படும் குறிப்புரை வசதியால், இந்த மெத்தட் இந்த முகவரிக்கு உரியது என்று மெத்தட்டின் தலைமேலேயே எழுதிவைக்கலாம். சிம்ஃபனி ஃபிரேம்வொர்க்கில் இது இன்று பரவலான வழக்கம். வெளியாள் தருவது முகவரியை மட்டும். அந்த முகவரிக்கு உரிய கிளாஸ் எது, மெத்தட் எது என்று சொல்வது ஆசிரியர். நம் இரு கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் விடை கிடைக்கிறது.

வேகம் குறையும் என்ற மறுப்பைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். ஒவ்வொரு முறையும் பெயரைத் தேடுவதற்கு ஆகும் நேரம், ஒரு பக்கத்தைத் தயாரிக்க தரவுத்தளத்தைக் கேட்டுக் காத்திருக்கும் நேரத்தின் முன் கணக்கில் வராது. வாசிப்பைப் பற்றிய மறுப்பு அப்படி அல்ல, அது கனமானது. 'கூட்டு' என்ற மெத்தட்டின் பெயரை மாற்ற விரும்பும் ஒருவர், அது எங்கெல்லாம் அழைக்கப்படுகிறது என்று கோப்புகளில் தேடுவார். மாறியின் வழியாக நடக்கும் அழைப்பு அந்தத் தேடலில் தென்படாது. பிஎச்பிஸ்டான், சாம் போன்ற பிழை தேடும் கருவிகளும் சரத்துக்குள் என்ன வரும் என்று ஓரளவுக்கு மேல் ஊகிக்க முடியாது. யாரும் அழைக்கவில்லை என்று எண்ணி நீக்கிய மெத்தட், ஆறு மாதம் கழித்து ஓர் இரவில் இல்லாமல் போனதைக் காட்டிக்கொடுக்கும். இந்த விலை உண்மையானது, மறுக்க முடியாது. அதைக் குறைக்கும் வழியும் பட்டியல்தான். மொழியும் அந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது. 2021இல் வந்த 8.1 பதிப்பில் இப்படி எழுதலாம்:

$செயல்கள் = ['+' => $கணக்கு->கூட்டு(...), '-' => $கணக்கு->கழி(...)];

அடைப்புக்குறிக்குள் உள்ள மூன்று புள்ளிகள், மெத்தட்டை இப்போதே அழைக்காமல் பின்னால் அழைப்பதற்காக எடுத்துவைக்கச் சொல்கின்றன. இங்கே பெயர் மேற்கோளுக்குள் அடைபட்ட சரம் அல்ல, நிரலின் பகுதி. கோப்புகளில் தேடினால் கிடைக்கும், கருவிகள் படிக்கும், பெயர் தவறாக இருந்தால் பட்டியல் உருவாகும் கணத்திலேயே பிழை தெரியும். வெளியாள் தருவது கூட்டல் குறியையோ கழித்தல் குறியையோ மட்டுமே. அதற்கு உரிய மெத்தட் எது என்பது ஆசிரியரின் கையில் இருக்கிறது. தேர்வு ஓடும் நேரத்தில் நடக்கிறது, ஆனால் தேர்வுக்குரியவை எழுதும் நேரத்திலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டன.

பிற மொழிகளும் இதே முடிவை நோக்கித்தான் வந்திருக்கின்றன. ரூபி மொழியில் பெயரைக் கொண்டு மெத்தட்டை அழைக்கும் 'சென்ட்', மறைவான மெத்தட்களையும் தயங்காமல் அழைத்துவிடும் என்பதால், வெளிப்படையானவற்றை மட்டும் அழைக்கும் 'பப்ளிக்_சென்ட்' 1.9 பதிப்பில் சேர்க்கப்பட்டது. 2021 டிசம்பரில் உலகத்தையே கலங்கடித்த லாக்4ஷெல் ஓட்டையும் இதே இனம். ஜாவா நிரல்களில் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் லாக்4ஜே நூலகம், குறித்துவைக்க வந்த சரத்துக்குள் இருந்த பெயரைத் தேட வேண்டிய பெயராக எடுத்துக்கொண்டு, தாக்குபவரின் சர்வரிலிருந்தே நிரலைக் கொண்டுவந்து ஓட்டியது. மொழி வேறு, வழி வேறு. வெளியாள் தந்த பெயருக்கு ஆசிரியர் எழுதிய பட்டியல் இல்லை என்ற காரணம் மட்டும் மாறவில்லை.

இந்த வாதத்துக்கு இன்று புதிய அவசரம் வந்திருக்கிறது. 2023 முதல், பெரிய மொழி மாதிரிகளை மற்ற நிரல்களோடு இணைக்கும் வழக்கம் பரவிவருகிறது. வானிலையைப் பார்க்கவோ கோப்பை அழிக்கவோ மின்னஞ்சல் அனுப்பவோ வேண்டும் என்று மாதிரி முடிவு செய்தால், அது ஃபங்ஷனின் பெயரையும் அதற்குரிய மதிப்புகளையும் எழுத்தாகத் தருகிறது. நம் நிரல் அந்தப் பெயரைக் கொண்டு அழைக்கிறது. வலைத்தளத்துக்கு வந்த முகவரியும் மாதிரி தந்த பெயரும் நிரலின் கண்ணில் ஒன்றுதான்: வெளியிலிருந்து வந்த ஒரு சரம். மாதிரி படித்த மின்னஞ்சலுக்குள் யாரோ புகுத்திய வாசகத்தால் அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்பதால், இங்கே பெயரைத் தருவது யார் என்று சொல்வதே கடினமாகிறது. அந்த முதல் கேள்விக்கு உறுதியான விடை கிடைக்காத இடத்தில் இரண்டாவது கேள்வியின் பாரம் இரட்டிப்பாகிறது. எந்தப் பெயர்கள் அழைக்கத்தக்கவை, அவற்றில் எவை மனிதரைக் கேட்ட பிறகே அழைக்கத்தக்கவை என்ற பட்டியலை நிரலை எழுதுபவர்தான் எழுத வேண்டும். பெயர் சொல்லி அழைக்கும் வசதி நிரல்களுக்கு நெகிழ்வைத் தந்தது, அந்த நெகிழ்வை இழக்க வேண்டியதில்லை. தேர்வை யாரிடம் வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம், வருபவரிடமோ வேறொரு நிரலிடமோ மாதிரியிடமோ. தேர்வுக்குரியவற்றின் எல்லையை வகுக்கும் பொறுப்பை மட்டும் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது.